தராசு இல்லாமல் பன்றியை வண்டியில் ஏற்றாதீர்கள், எனக்குப் போனது 112 கிலோ

முந்தாநாள் மாலை எடைச் சீட்டு வந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எட்டுப் பன்றிகள். ஏற்றும்போது என் கணக்கில் 736 கிலோ, அவர்கள் சீட்டில் 624. நடுவில் 112 கிலோ எங்கே போனது?

வாங்கியது ஒரு செயலி. வளர்ப்பவரையும் இறைச்சிக்கூடத்தையும் நேரடியாக இணைக்கிறோம், தரகர் கிடையாது, உயிர் எடைக்குப் பணம் என்று விளம்பரம் செய்யும் வகை. பெயர் போடவில்லை.

ஏன் அவசரப்பட்டேன் என்று கேட்பீர்கள். எட்டும் ஆறு மாதம் தாண்டிவிட்டன. அந்த வயதுக்கு மேல் வைத்திருந்தால் தின்பதெல்லாம் கொழுப்பாக ஏறும், விலை இறங்கும். ஒவ்வொன்றும் நாளுக்கு மூன்று கிலோ தின்கிறது. ஒரு வாரம் தள்ளினால் 168 கிலோ தீவனம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பயத்தில் சந்தை மூடியதிலிருந்து வழக்கமான வியாபாரி வருவதில்லை. எட்டே எட்டுப் பன்றிக்கு எந்தக் கூடமும் தனியாக வண்டி அனுப்பாது. சின்ன வளர்ப்பாளன் மாட்டிக்கொள்வது இங்கேதான், வாங்குகிறவனுக்கும் அது நன்றாகத் தெரியும்.

வண்டியோடு வந்த பையன் விடியும் முன்பே வந்தான். "வெயில் ஏறினா தாங்காதுண்ணா, பன்றிக்கு வியர்க்காதே" என்றான். விவரம் தெரிந்த பேச்சு. வண்டியில் வைக்கோல் பரப்பியிருந்தான். ஒன்றைக்கூட அடிக்காமல், பலகையால் மறித்து மெதுவாக ஏற்றினான். தராசு எங்கே தம்பி என்றேன். "கூடத்துல மின்னணுத் தராசு இருக்குண்ணா, இறக்கினதும் படம் வந்துடும்." சரி என்றேன். அந்த ஒரு சரிதான். பன்றியிடம் இவ்வளவு பதமாக நடக்கிறவர்களின் ஆட்கள் எடையில் கை வைப்பார்கள் என்று தோன்றவே இல்லை. அந்தப் பையனுக்கு இதில் பங்கு உண்டா என்பது இப்போதும் தெரியாது.

சீட்டைப் பார்த்ததும் போன் செய்தேன். "வழியில் எடை குறையும் சார்." குறையும், எனக்கும் தெரியும். சாணம், மூத்திரம், பட்டினி எல்லாம் சேர்ந்து ஒரு முழு நாளில் நூற்றுக்கு நாலைந்து போகலாம். அப்படிப் பார்த்தாலும் 37 கிலோவைத் தாண்டாது. இவர்கள் ஓட்டியது மூன்று மணி நேரம், குறைத்தது நூற்றுக்குப் பதினைந்து! தராசுப் படம் கேட்டால் அது வேறு பிரிவு என்றார்கள். அந்தப் பிரிவோ, ஏற்றும் முன் எடை போட்டதற்குச் சான்று இருக்கிறதா என்று கேட்டது. தராசே கொண்டுவராதவர்கள் என்னிடம் சான்று கேட்கிறார்கள். நாடாவால் அளந்து எழுதிய நோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். ஏற்க முடியாதாம். இன்று காலை ஒரு குறுஞ்செய்தி: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள்."

ஒரு கிலோ ஏற மூன்று கிலோ தீவனம் போட வேண்டும். 112 கிலோ என்றால் 336 கிலோ தீவனம். ஒரு முழுப் பன்றியைச் சும்மா தூக்கிக் கொடுத்ததோடு, மேலும் இருபது கிலோ.

விற்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனம் ஓடவில்லை. இதையாவது செய்யுங்கள். உங்கள் கண்முன் எடை போடாமல் ஏற்றாதீர்கள். தராசு இல்லையென்றால் மார்புச் சுற்றளவையும், காதுகளின் நடுவிலிருந்து வாலடி வரை நீளத்தையும் மீட்டரில் அளந்து, சுற்றளவு × சுற்றளவு × நீளம் × 69.3 என்று போட்டால் கிலோ வரும், நாலைந்து கிலோ முன்பின் இருக்கும். அந்தத் தாளில் வண்டிக்காரரிடம் அங்கேயே கையெழுத்து வாங்குங்கள். நான் வாங்கவில்லை. பக்கத்தில் வளர்ப்பவர்கள் இருந்தால் சேர்ந்து ஒரே வண்டியாக விற்றுப் பாருங்கள்.

அப்புறம், வண்டி அதற்கு முன் எந்தக் கொட்டிலுக்குப் போனது, கழுவினார்களா என்று கேளுங்கள். காய்ச்சல் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டும் வரும், வந்தால் குணப்படுத்த மருந்து இல்லை. நான் அதையும் கேட்கவில்லை. வண்டி நின்ற இடத்துக்குப் பத்தடி தள்ளித்தான் சினையாக இருக்கும் இரண்டு தாய்ப்பன்றிகளும் படுத்திருக்கின்றன.