நீல்ஸ் போரா, ஐன்ஸ்டைனா?

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் பனி இறங்கிய காலையில் நின்றால் கைப்பிடிக் கம்பியில் நீர்முத்து கோத்திருப்பது தெரியும், அதற்கு அப்பால் வெறும் வெள்ளைதான். கீழே சமவெளி இருக்கிறதா? தெரியாவிட்டாலும் இருக்கத்தானே செய்யும் என்பவர் ஐன்ஸ்டைன் கட்சி. நாம் அளக்காதபோதும் எலக்ட்ரானுக்கென்று ஓர் இடம் உண்டு, அணு அளவில் நடப்பதை விளக்கும் குவாண்டம் கோட்பாடுதான் இன்னும் முழுமை அடையவில்லை என்பது அவர் பிடிவாதம். 1935-இல் போடோல்ஸ்கி, ரோசன் என்ற இரு இயற்பியலாளர்களுடன் சேர்ந்து இதைச் சொல்லிக் கட்டுரையே எழுதினார்.

குவாண்டம் கோட்பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான நீல்ஸ் போர் சொல்வது இதைவிடக் கடினம். பனி எதையும் மறைக்கவில்லை, எப்படி அளக்கிறோம் என்று சொல்லாமல் எலக்ட்ரான் எங்கே என்று கேட்பதற்கே பொருளில்லை.

என் மனசு ஐன்ஸ்டைன் பக்கம்தான் சாயும். ஆனால் இயற்பியலாளர் ஜான் பெல் 1964-இல் இந்தத் தத்துவச் சண்டையைச் சோதித்துப் பார்க்கக்கூடிய கணக்காக மாற்றினார், அப்புறம் வந்த சோதனைகள், 2022 நோபல் பரிசு அவற்றுக்குத்தான், ஐன்ஸ்டைன் விரும்பிய உலகம், அதாவது அளக்காதபோதும் எல்லாம் திட்டமாக இருக்கும், தொலைவில் நடப்பது இங்கே உடனே தாக்காது என்ற உலகம், அப்படியே கிடைக்காது என்று காட்டிவிட்டன. அதற்காக நீல்ஸ் போரே சரி என்று ஆகிவிடாது: இயற்பியலாளர் டேவிட் போம் 1952-இல் காட்டிய வழியில் துகளுக்கு எப்போதும் இடம் உண்டு, ஆனால் தொலைவில் நடப்பது இங்கே உடனே தாக்கும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சரி, ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் ஐன்ஸ்டைனின் கேள்வியை எடுப்பேன், பெல்லின் கணக்கு பிறந்ததே அதிலிருந்துதான்.