சிஎஸ்50பி: பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழிக்கான இலவச ஆன்லைன் வகுப்பு, தர்மபுரி–கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா?

ஹார்வர்டு பல்கலைப் பேராசிரியர் டேவிட் மாலன் நடத்தும் இந்த வகுப்பில் 0 முதல் 9 வரை 10 வாரப் பாடங்கள், கடைசியில் சொந்தப் புராஜெக்ட். பயிற்சிக் கணக்குகள் ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால் ஹார்வர்டின் இலவசச் சான்றிதழ். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தின் சான்றிதழுக்குத்தான் காசு, அது அவசியமில்லை.

மொபைலில் வீடியோ பார்க்கலாம், ஆனால் புரோகிராம் எழுதுவது சிரமம். லேப்டாப்பும், புரோகிராம்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு கணக்கும் வேண்டும். எழுதுவது பிரவுசரிலேயே என்பதால் நெட் போனால் வேலையும் நின்றுவிடும். அரூர் பக்கக் கிராமங்களில் இருப்பவர்கள் பைத்தானைக் கம்ப்யூட்டரில் தனியாக இன்ஸ்டால் செய்து பழகிவிட்டு, சிக்னல் கிடைக்கும்போது பதில்களை ஏற்றலாம்.

முதலில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இன்புட், அதாவது நாம் தட்டச்சு செய்வதைப் புரோகிராம் வாங்கிக்கொள்ளும் கட்டளை. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்குக் கணக்குப் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூடை 5 கிலோ, இன்னொன்று 7. கூட்டினால் 12 வராது, 57 வரும்! பைத்தான் வாங்குவது எண்ணை அல்ல, எழுத்தை; அதனால் இரண்டையும் ஒட்டிவிடுகிறது. முழு எண்ணென்றால் இன்ட் (int), புள்ளி வைத்த எடையென்றால் ஃப்ளோட் (float) என்ற கட்டளை போட்டு எண்ணாக மாற்ற வேண்டும்.

வகுப்பின் செக்50 என்ற கருவி விடையைச் சரிபார்க்கும், பச்சை நிறச் சிரிப்பு முகம் வந்தால் சரி. ஃபைல் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் ஏற்காது.

பாடம் முழுக்க ஆங்கிலம். தமிழ்வழியில் படித்தவர்கள் வீடியோவை 0.75 வேகத்தில் சப்டைட்டிலோடு பார்க்கட்டும். 7-ம் வாரத்து ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துக்களில் குறிப்பிட்ட வடிவத்தைத் தேடும் முறை) மட்டும் தொடக்கக்காரர்களுக்குக் கொஞ்சம் கொடுமைதான்.