கடைமடைக்கு எப்போது வரும் தண்ணீர்? லெவோடோபா மாத்திரையின் மூன்று அட்டவணைகள்

தலைஞாயிறு பக்கம் கடைமடையில் விவசாயம் பார்த்தவர் என் அப்பா. நடுக்கமும் உடல் இறுக்கமும் தரும் பார்க்கின்சன் நோய் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபாவும், அது வழியில் வீணாகாமல் காக்கும் கார்பிடோபாவும் சேர்ந்த சாதாரண மாத்திரை, மெதுவாகக் கரையும் 'சிஆர்' மாத்திரை இரண்டையும், தஞ்சாவூர் மருத்துவர் சொன்னபடி மூன்று விதமாக மாற்றிப் பார்த்துவிட்டோம்.

முதலில் சாதாரண மாத்திரை, ஐந்து வேளை. விழுங்கி அரை மணியில் நடுக்கம் அடங்கும், கால் தரையை விட்டு எழும். ஆனால் இரத்தத்தில் லெவோடோபா ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. மூன்று மணி நேரம் தாண்டினால் உடம்பு மறுபடி இறுகும். குறுவை நடவு நாளில் எல்லாரும் வயலில் இருக்க, மதியம் ஒரு மணிக்கான மாத்திரையை யார் கொடுப்பது? போதாக்குறைக்குப் பருப்பும் தயிரும். புரதத்தின் அமினோ அமிலங்கள் குடலிலும் மூளையின் வாசலிலும் லெவோடோபாவோடு முட்டிமோதும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுத்துவிடுவார் அம்மா.

அடுத்தது சிஆர், காலை ஆறு, மதியம் ஒன்று, இரவு எட்டு. கேட்கவே நிம்மதியாக இருந்தது. ஆனால் காலையில் மாத்திரை போட்டு ஒன்றரை மணி நேரம் கட்டிலிலேயே கிடப்பார். "மதகு திறந்தாயிற்று, தண்ணீர்தான் இன்னும் வரவில்லை" என்பார். சிஆர் மாத்திரையில் உடம்பில் சேர்வது சாதாரண மாத்திரையில் சேர்வதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். அதே மில்லிகிராமுக்கு மாறினால் பற்றாது. அது வேலை செய்யும் நேரமும் நாளுக்கு நாள் மாறியது. தொண்டையில் இறங்கவில்லை என்று அம்மா ஒருநாள் அதைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டார். பொடித்தால் மெதுவாகக் கரையும் அமைப்பே போய்விடும். எட்டு மணி நேரத்துக்கு இருந்த மருந்து ஒரே மூச்சில் இறங்கி, அன்று பகல் முழுக்கக் கை கால்கள் தாமாகவே நெளிந்தன.

மெதுவாகக் கரைவது நோயின் பிற்காலச் சிக்கலைத் தள்ளிப்போடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1999இல் வெளியான ஐந்தாண்டு ஆய்வில், மருந்தின் பலன் ஏறி இறங்கும் தொல்லை, சாதாரண மாத்திரை போட்டவர்களுக்கும் சிஆர் போட்டவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது.

பார்க்கின்சனுக்கான வேறொரு மருந்தான பிராமிபெக்சோலில், ஒரு நாளைக்கு ஒரு முறை போடும் மெதுவாகக் கரையும் மாத்திரை வசதியானதுதான். ஆனால் பகலில் திடீரென்று தூக்கம் தள்ளலாம். ஆற்றங்கரையில் மொபெட் ஓட்டுகிறவருக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை. பூனைக்காலி விதைச் சூரணம் கொடுக்கச் சொல்லும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த விதையிலும் இருப்பது லெவோடோபாதான். மருத்துவருக்குத் தெரியாமல் மேலே சேர்த்தால் அளவு கூடிவிடும்.

எங்களுக்கு ஒத்துவந்தது மூன்றாவது: பகலில் சாதாரண மாத்திரை நான்கு வேளை, படுக்கும்போது ஒரு சிஆர். இரவில் புரண்டு படுக்க அம்மாவை எழுப்புவது நின்றுவிட்டது. தாமதமாக ஏறி நெடுநேரம் நிற்பதுதான் ராத்திரிக்கு வேண்டியது. பகலில் அதே குணம் தொல்லை. காலை ஐந்தரை மாத்திரையை அலாரம் வைத்துக் கொடுக்கிறோம். ஆறேகாலுக்கு அப்பா வாய்க்கால் பார்க்கக் கிளம்பிவிடுகிறார். நடவு நாளின் ஒரு மணி மாத்திரை மட்டும் இன்னும் தவறுகிறது.