மாருதி 800 சைலன்சர் துரு: ரஸ்ட் கன்வெர்ட்டரா, சூடு தாங்கும் பெயின்ட்டா?

துருவின் மேலேயே பூசும் ரஸ்ட் கன்வெர்ட்டரில் (துருவைக் கெட்டியான படலமாக மாற்றும் திரவம்) தேய்க்கும் வேலை பாதி மிச்சம். ஆனால் அது சேஸிஸுக்குச் (வண்டியின் அடிச்சட்டம்) சரி, கொதிக்கிற சைலன்சர் குழாயில் நிற்காது.

சிலிக்கோன் கலந்த சூடு தாங்கும் பெயின்ட் 600 டிகிரி வரை தாங்கும், ஆனால் வேலை வாங்கும்: வயர் பிரஷ் போட்டு, உப்புத்தாளில் தேய்த்து, தின்னரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மெல்லிசாக இரண்டு கோட், அப்புறம் இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றினால்தான் இறுகும் (புகை வரும், வெட்டவெளியில் செய்யுங்கள்). என் ஓட்டு இதற்கே.

இரண்டுமே வெளிப்பக்கத்துக்குத்தான். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் உண்டாகும். பக்கத்துத் தெரு வரை மட்டுமே ஓடும் வண்டியில் சைலன்சர் சரியாகச் சூடேறாததால் அந்தத் தண்ணீர் உள்ளேயே தேங்கி அரிக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் ஓட்டை விழுகிறதா? பெயின்ட் வாங்காதீர்கள், வேறு சைலன்சர் பாருங்கள்.