காற்றுத் துவக்குக்கு இரும்புக் குறியா, ஸ்கோப்பா?

மார்கழியில் வாங்கித் துவக்கில் பூட்டிய ஸ்கோப்பை, அதாவது குறி பார்க்கும் தொலைநோக்கிக் குழாயை, பங்குனியில் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். இப்போது துவக்கோடு வந்த பழைய இரும்புக் குறியை வைத்துத்தான் சுடுகிறேன்: கண்ணுக்குக் கிட்ட பின்குறி வெட்டு, குழல் நுனியில் முன்குறித் தூண், இரண்டையும் இலக்கோடு நேராக்கிச் சுடுவது. ஏன் கழற்றினாய் என்று மச்சான்மார் இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களும் ஸ்கோப் வாங்கும் யோசனையில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

என்னுடையது குழலை மடக்கிச் சுருளை இறுக்கும் காற்றுத் துவக்கு, 5.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னம். அனுமதிப்பத்திரம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கொடிகாமப் பக்கம் எங்கள் தென்னங்காணியில் 20 மீற்றரில் தாளும் சிரட்டையும் வைத்துச் சுடுவோம். பின்னால் மணல் நிரப்பிய உரப்பைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். பறவை, அணில் பக்கம் குழல் திரும்பக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்கோப் இலக்கைப் பெருப்பித்துக் காட்டும், காசு கூட, பாரமும் கூட. இரும்புக் குறிக்குத் தனியாகக் காசு இல்லை, பாரமும் இல்லை. பழகத்தான் கொஞ்ச நாள் எடுக்கும்.

குறி திருத்துவது, அதாவது பார்க்கும் இடத்திலேயே சன்னம் விழச் செய்வது, இரண்டிலும் கஷ்டமில்லை. ஒரு வெடியை நம்பித் திருகாணியில் கை வைக்கக்கூடாது. ஐந்து வெடி வைத்து, அந்த ஐந்து ஓட்டைகளின் நடுவைப் பார்க்கவேண்டும். இரும்புக் குறியில், சன்னம் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியை நகர்த்தவேண்டும். முன்குறி என்றால் நேர் எதிர்ப்பக்கம். எவ்வளவு என்பது சின்னக் கணக்கு. என் துவக்கில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி 40 சென்றிமீற்றர். 20 மீற்றரில் 5 சென்றிமீற்றர் இடப்பக்கம் விழுந்தால், பின்குறியை 1 மில்லிமீற்றர் வலப்பக்கம் தள்ளினால் சரி. ஸ்கோப்பில் திருத்தும் குமிழ் 'கிளிக்', 'கிளிக்' என்று படிபடியாகத் திரும்பும்; பெரும்பாலும் ஒரு கிளிக் 100 மீற்றரில் 7 மில்லிமீற்றர் அளவில் நகர்த்தும். 20 மீற்றரில் அது 1.5 மில்லிமீற்றர்கூட வராது. அதே 5 சென்றிமீற்றருக்கு 35 கிளிக் அளவில் திருப்பவேண்டும். நுணுக்கத்தில் ஸ்கோப்தான் மேல், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் திருத்திய குறி திருத்திய இடத்தில் நிற்கிறதா? நான் ஸ்கோப்பைக் கழற்றியது இந்த ஒரு கேள்வியால்தான்.

முதல் நாள் சன்னங்கள் எல்லாம் ஒரு சாண் கீழே விழுந்தன. மேலே ஏற்றும் குமிழைத் திருப்பிக்கொண்டே போனேன், அது முடியும் எல்லைக்கே வந்துவிட்டது. ஒருவழியாக நடுவுக்கு வந்தது என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த ஞாயிறு போனால் இரண்டு விரல் இடப்பக்கம். திருத்தினேன். அதற்கடுத்த ஞாயிறு மேலே. 250 சன்னம் உள்ள பேணி ஒன்று குறி திருத்துவதிலேயே காலியானது. மூன்றாம் மாதம் ஸ்கோப்பை ஆட்டிப் பார்த்தால் உள்ளே ஏதோ கிலுங்கியது. விற்றவர் எந்தத் துவக்குக்கும் பொருந்தும் என்று சொல்லித்தான் தந்திருந்தார்.

சின்ன மாமா வந்து பார்த்தார். இளமையில் வன்னியில் வயல் காவலுக்குத் துவக்கோடு நின்றவர். குழலை மடக்கினார், மூடினார், திரும்ப மடக்கினார். பிறகு சொன்னார்: "தம்பி, குழல் ஒரு இடம் பாக்குது, உன்ர கண்ணாடி வேற இடம் பாக்குது."

விசயம் அவ்வளவுதான். மடக்குக் குழல் துவக்கில் ஸ்கோப் இருப்பது குழலில் அல்ல, பின்னால் சுருள் இருக்கும் உருளைக்கு மேலே. குழல் ஒவ்வொரு வெடிக்கும் மடங்கித் திரும்பி வந்து பூட்டுகிறது. ஒரு மயிரளவு வேறு இடத்தில் பூட்டினாலும் ஸ்கோப்புக்கு அது தெரியாது. அதோடு பல துவக்குகளில் குழல் உருளையைவிடச் சற்றே கீழ்நோக்கி இருக்கும். நான் குமிழை எல்லைவரை ஏற்றவேண்டி வந்தது அதனால்தான். அப்படி ஏற்றினால் உள்ளே கண்ணாடிக் குழாயைத் தாங்கும் வில்லு தளர்ந்து, குறி தானாக அலையத் தொடங்கும். இரும்புக் குறியில் முன்குறி குழலின் நுனியில், பின்குறி குழலின் அடிக்கட்டையில். இரண்டும் குழலோடுதான் மடங்குகின்றன, குழலோடுதான் திரும்புகின்றன. குழல் கொஞ்சம் விலகிப் பூட்டினால் குறியும் அதோடு விலகும்.

இன்னொன்று உதைப்பு. சுருள் துவக்கு முதலில் பின்னுக்கு உதைத்து, உள்ளே காற்றை அமுக்கும் ஆடுதண்டு முட்டி நின்றதும் முன்னுக்கு இழுக்கும். பின்னுதைப்பை மட்டும் கணக்கில் எடுத்துச் செய்த ஸ்கோப்புகள் இந்த இரட்டை ஆட்டத்தில்தான் உடைகின்றன. வாங்குவதென்றால் சுருள் காற்றுத் துவக்குக்கென்றே செய்ததை வாங்குங்கள். கிட்டிய தூரத்துக்குத் தெளிவைத் திருத்தும் வளையமும் அதில் இருக்கவேண்டும். 100 மீற்றருக்கு அமைத்த ஸ்கோப்பில் 20 மீற்றர் தாளைப் பார்த்தால், கண் கொஞ்சம் அசைய, உள்ளே குறி வைக்கும் சிலுவைக் கோடும் தாளின்மேல் அசையும்.

இரும்புக் குறிக்கும் பராமரிப்பு உண்டு. எங்கள் உப்புக் காற்றில் முன்குறித் தூண் முதலில் துருப்பிடிக்கும், பிறகு தேய்ந்து மினுங்கும். காலையில் வடக்குப் பார்த்துச் சுடும்போது வெயில் தூணின் வலப்பக்கத்தில் விழுகிறது. கண் அந்த மினுக்கத்தையே தூண் என்று எடுத்துக்கொள்ள, சன்னங்கள் இடப்பக்கம் ஒதுங்குகின்றன. இதற்கு மாமா காட்டிய வழி குப்பி விளக்கு. திரியை உயர்த்திப் புகையவிட்டு, அந்தப் புகையில் முன்குறியைச் சில விநாடி பிடித்தால் மையிட்ட மாதிரிக் கரி படியும். மினுக்கம் போய், தூணின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோலத் தெரியும். விரல் பட்டால் அழிந்துவிடும், திரும்பப் பிடிக்கவேண்டியதுதான். சன்னம் போடாத துவக்கில், குழலை மூடி வைத்துத்தான் இதைச் செய்வோம்.

எதைப் பூட்டினாலும் சோளகக் காற்று எழும்ப முன்னம் குறியைத் திருத்தி முடியுங்கள். பத்து மணிக்குப் பிறகு தென்னோலை சலசலக்கத் தொடங்கினால் இந்த மெல்லிய சன்னம் பக்கவாட்டில் போகும், நீங்கள் காற்றுக்குக் குறி திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

ஸ்கோப் தேவைப்படும் ஆட்களும் இருக்கிறார்கள். ஐம்பது தாண்டிய கண்ணுக்குப் பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றும் சேர்ந்து தெளியாது. மாமாவே இப்போது பின்குறி பஞ்சு மாதிரித் தெரிகிறது என்கிறார். குழல் அசையாத துவக்கு வைத்திருப்பவர்களுக்கும் நான் சொன்ன பெரிய குறை இல்லை. நோர்வேயில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணை எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர். அங்கே பெரிய மிருக வேட்டைக்காரர் ஒவ்வொரு வருடமும் 100 மீற்றரில் 5 வெடியையும் 30 சென்றிமீற்றர் வட்டத்துக்குள் வைத்துக் காட்டவேண்டும். அவர் ஸ்கோப் இல்லாமல் போவதில்லை. அந்தமாதிரி றைபிளை நான் கையில் பிடித்ததில்லை, அதனால் அங்கே அவர் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்வேன். சிவப்புப் புள்ளிக் குறியை, அதாவது பெருப்பிக்காமல் கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் காட்டுவதை, ஒரேயொரு பின்னேரம் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குச் சுகமாக இருந்தது, அது எத்தனை நாள் குறி பிசகாமல் நிற்கும் என்று சொல்லும் அளவுக்கு அனுபவம் இல்லை.

மச்சான்மாருக்குச் சொன்னது இதுதான். கடைக்குப் போக முன்னம், வெறும் துவக்கை மூடி, குழலின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் குழல் மடங்கும் இடத்து ஆணியை இறுக்குங்கள். பிறகு இருக்கிற இரும்புக் குறியோடு ஐந்து வெடி வையுங்கள். ஒரு ஞாயிறு விட்டு, எதையும் தொடாமல் இன்னுமோர் ஐந்து. இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள்.