தனிக் கைடா, கூட்டுப் படகா, நாமே இறங்குவதா: ஆற்றுத் தூண்டிலுக்கு ஒரு நாள்

போன ஊரில் ஒரு நாள் மிச்சமிருக்கிறது, பக்கத்தில் நல்ல ஆறு ஓடுகிறது, தூண்டில் போட ஆசை வந்துவிட்டது. இனி எப்படிப் போவது என்பதுதான் கேள்வி. நமக்கென்றே ஒரு கைடை அமர்த்திக்கொள்வதா, பத்தோடு பதினொன்றாகக் கூட்டுப் படகில் ஏறிக்கொள்வதா, ராடை, அதாவது தூண்டில் கோலை, வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாமே இறங்கிவிடுவதா? வெவ்வேறு பயணங்களில் மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். வரிசைதான் தப்பாகிவிட்டது. முதலில் நானே போனேன், அடுத்த முறை கூட்டுப் படகு, அதற்கும் அப்புறம்தான் தனிக் கைடு. தலைகீழாகச் செய்திருந்தால் இரண்டு நாள் வீணாகியிருக்காது.

விலையைப் பார்ப்பதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். சில இடங்களில் தேர்வு நம் கையிலேயே இல்லை. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் வெளியிலிருந்து வருபவர் அட்லாண்டிக் சால்மனுக்குத் தூண்டில் போட வேண்டுமென்றால் கூடவே கைடு இருந்தாக வேண்டும். ஜெர்மனியில் பொதுவாகப் பாடம் படித்துத் தேர்வில் தேறியவருக்குத்தான் மீன்பிடி அட்டை. சில மாநிலங்கள் மட்டும் சுற்றுலாப் பயணிகளுக்குக் குறுகிய கால அனுமதி தருகின்றன. இங்கிலாந்தில் அரசு உரிமம் தனி, கரைக்குச் சொந்தக்காரரிடமோ மீன்பிடிச் சங்கத்திடமோ வாங்கும் அனுமதி தனி. இரண்டும் வேண்டும். ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கக் கூடாது. உங்களுக்கு மிச்சமிருப்பது அந்த ஞாயிறு என்றால் இந்த அலசலே தேவையில்லை.

சரி, சட்டம் வழிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

கூட்டுப் படகிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் முதலில் விழுவது அங்கேதான். தலைக்கு இவ்வளவு என்று விலை தெளிவாக இருக்கும், ஓர் இடம் காலியாக இருந்தால் முந்தின நாள் மாலைகூடக் கிடைத்துவிடும், ஒற்றை ஆளாகப் பயணம் செய்பவருக்குப் பேச்சுத் துணையும் சேர்ந்து வரும். நான் ஏறிய படகில் ஆறு பேர், ஒரு கைடு. ஏறிய அரை மணிக்குள் எனக்குப் பின்னால் இருந்தவர் வீசிய தூண்டில் என் தூண்டில் நரம்பின் மேல் விழுந்தது. நான் அவசரமாகச் சுருட்ட, அவரும் சுருட்ட, இரண்டும் சேர்ந்து தூக்கணாங்குருவிக் கூடு போல ஆகிவிட்டது. கைடு வந்து குனிந்து உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார். அதற்குள் முன்னால் இருந்த பையனின் தூண்டில் முள் ஒரு மரக்கிளையில் மாட்டிக்கொண்டது. அந்தக் கைடு நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். ஆனால் அவர் அன்று செய்ததெல்லாம் சிக்கெடுப்பதும் முள் கட்டுவதும்தான். ‘இந்த இடத்தில் மீன் ஏன் நிற்கிறது?’ என்று நான் கேட்டபோது பாதி பதிலோடு அடுத்த ஆளிடம் போக வேண்டியிருந்தது. கடைசி வரை மீதி பதில் வரவில்லை.

கூட்டுப் படகில் இன்னொன்று. படகு எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதெல்லாம் முன்பே முடிவானது. உங்களுக்கு மீன் கொத்த ஆரம்பித்த நேரத்தில்தான் கிளம்பலாம் என்று ஐந்து பேர் சொல்வார்கள். அதற்காக அதை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். ஆற்றில் மிதந்தபடி கரையைப் பார்த்துக்கொண்டு போகவேண்டும், மீன் கிடைத்தால் லாபம் என்கிற மனநிலையில் இருப்பவருக்கு அது போதும். தூண்டில் நமக்குப் பிடிக்குமா என்று தெரியாதவருக்கும் போதும்.

நாமே இறங்குவதில் இருக்கும் சுகம் வேறு. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், ஒரு பாறையில் உட்கார்ந்து அரை மணி சும்மா இருக்கலாம். செலவும் உரிமத்தோடும் ராடு வாடகையோடும் முடிந்தது. ஆனால் தெரியாத ஆற்றில் முதல் நாள் முழுக்க மீன் இல்லாத இடத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. நான் அதைத்தான் செய்தேன். பார்க்க அழகாக, அகலமாக, அமைதியாக ஒரு நீர்ப்பரப்பு. மதியம் வரை அதையே பிடித்துத் தொங்கினேன். ஆழம் முழங்காலளவு, அடியில் வெறும் மணல், ஒளிய ஒரு கல்கூட இல்லை. மீனுக்கு அங்கே என்ன வேலை என்று எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இங்கே பழமொழி மட்டுமில்லை, நேரடி அறிவுரை. மேலே மின் உற்பத்தி அணை இருக்கும் ஆறுகளில் மழையே இல்லாமல் நீர்மட்டம் திடீரென்று ஏறும். திறந்துவிடும் நேரம் உள்ளூர்க்காரருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. தண்ணீரில் நடப்பவர் போடும் நீர்புகாத கால்சட்டை, அதாவது வேடர்ஸ், அதன் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டாமல் விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பி எழுந்திருக்கவே சிரமமாகும். காலணியிலும் விவகாரம் உண்டு. வழுக்காமல் இருக்கக் கம்பளி அடிப்பாகம் வைத்த காலணியைப் பலர் விரும்புவார்கள். நியூசிலாந்தில் அதற்கு 2008 முதல் தடை. பாறைகளில் சளி போலப் படரும் டிடிமோ என்ற பாசி 2004-ல் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. ஈரம் காயாத கம்பளியில் ஒட்டிக்கொண்டு அது ஒரு ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும் என்பதுதான் காரணம். நார்வேயின் சால்மன் ஆறுகளில் ஒட்டுண்ணிக்குப் பயந்து ராடு, வலை, காலணி எல்லாவற்றையும் கிருமி நீக்கிய பிறகுதான் இறங்க விடுவார்கள். இந்த மாதிரி விஷயங்களை ஒவ்வொன்றாகத் தேடித் தெரிந்துகொள்ளும் பொறுமை உங்களுக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கைடோடு போனால் இது அவர் தலைவலி.

இப்போது தனிக் கைடு. அன்று காலை ஆற்றங்கரைக்குப் போனதும் ராடைக் கையில் கொடுப்பார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. தண்ணீரில் இரண்டு எட்டு வைத்து ஒரு கல்லைப் புரட்டி எடுத்தார். அடியில் அரிசி நீளத்துக்குப் பழுப்பு நிறப் பூச்சிகள் நெளிந்தன. பெட்டியைத் திறந்து அதே அளவில், அதே நிறத்தில் முள்ளின் மேல் இழை சுற்றிய ஒரு பொய்ப்பூச்சியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அப்புறம் ஆற்றைப் பார்க்கச் சொன்னார். நடுவில் வேகமான ஓட்டம், கரையோரம் மெதுவான ஓட்டம், இரண்டும் உரசும் இடத்தில் நுரை ஒரு கோடாகப் போய்க்கொண்டிருந்தது. மீன் மெதுவான பக்கம் நிற்கும், தெம்பு வீணாகாது. வேகமான பக்கம் தீனியைச் சுமந்து வரும். எட்டிக் கவ்விவிட்டுத் திரும்பி வந்து நின்றுகொள்ளும். ஆக, வீச வேண்டியது அந்தக் கோட்டில்தான். கூட்டுப் படகில் பாதியில் நின்ற பதிலின் மீதி இது.

அடுத்த ஒரு மணி நேரம் என் வீச்சைத் திருத்துவதிலேயே போனது. தக்கை நீரோட்டத்தோடு தானாகப் போக வேண்டும். நரம்பு அதை இழுத்தால் தக்கைக்குப் பின்னால் சின்ன வரி ஒன்று தெரியும். அந்த வரி தெரிந்தால் மீன் தொடாது. நரம்பைத் தண்ணீர் வரும் பக்கமாகத் தூக்கிப் போட்டு மறுபடி விட வேண்டும். இதை ஒருவர் பக்கத்தில் நின்று, ‘இப்போ, இப்போ தூக்குங்க’ என்று இருபது தடவை சொன்னால்தான் கைக்கு ஏறும். வீடியோ பார்த்து எனக்கு ஏறவில்லை.

குறை இல்லாமல் இல்லை. எட்டு மணி நேரம் ஒரே ஆளோடு. அவர் வாயாடி என்றாலும் கஷ்டம், உம்மணாமூஞ்சி என்றாலும் கஷ்டம். சிலர் தம் திறமையைக் காட்டுகிற வேகத்தில் முள் கட்டுவது, இடம் காட்டுவது, எப்போது இழுக்க வேண்டும் என்பது வரை எல்லாவற்றையும் தாமே செய்துவிடுவார்கள். அன்று பிற்பகல் கிடைத்த பெரிய ட்ரவுட் மீன் அப்படித்தான். உண்மையைச் சொன்னால் மீனைப் பிடித்தது அவர், ராடைப் பிடித்தது நான். போட்டோவில் இந்த வித்தியாசம் தெரியாது. காலையிலேயே ‘இன்று கற்றுக்கொள்ளத்தான் வந்தேன், மீன் குறைந்தாலும் பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

செலவு? ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நாம். அதனால் இதைக் கவனியுங்கள்: தனிப் பயணத்துக்குப் பெரும்பாலும் விலை ஆளுக்கு இல்லை, படகுக்கு அல்லது கைடுக்கு. ஒருவர் போனாலும் இருவர் போனாலும் அதே தொகையோ, சற்றே கூடுதலோதான். ஆக ஒற்றை ஆளுக்குக் கண்ணைக் கட்டும் விலை, இருவர் பகிர்ந்தால் கூட்டுப் படகுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தங்கும் இடத்தில் இன்னொரு தூண்டில் பைத்தியம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

முழு நாளா, அரை நாளா என்பது பருவத்தைப் பொறுத்தது. கோடையில் ட்ரவுட் ஆறு என்றால் காலை அரை நாளே மேல். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ட்ரவுட் தவிக்க ஆரம்பித்துவிடும், பிடித்துவிட்டாலும் பிழைக்காமல் போகலாம். அமெரிக்காவின் மொன்டானாவில் நீர் வெப்பம் மூன்று நாள் தொடர்ந்து 73 பாரன்ஹீட்டை, அதாவது சுமார் 23 செல்சியஸைத் தொட்டால் பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டிலுக்குத் தடை போடுவதுண்டு. முழு நாளுக்குப் பணம் கட்டிவிட்டு இரண்டு மணிக்குக் கரையேறுவதில் என்ன பயன்? குளிர் காலத்தில் நேர்மாறு. விடியற்காலையில் எழுந்து நடுங்குவதைவிடத் தண்ணீர் கொஞ்சம் சூடேறும் நண்பகல் தேவலை.

படகா, நடையா என்றும் சில கைடுகள் கேட்பார்கள். இரு முனையும் மேல்நோக்கி வளைந்த துடுப்புப் படகு பெரிய ஆற்றுக்கு. துடுப்புக்காரர் நடுவில், கீழோட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து, எதிர்த்துத் துடுப்புப் போட்டு வேகத்தை அடக்குவார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தூண்டில் போடலாம். ஒரே நாளில் பல மைல் பார்த்துவிடலாம், முட்டிவலிக்காரருக்கும் தோது. ஆனால் நல்ல இடம் கண் முன்னே நழுவிப் போகும். கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் நடைதான் என் கட்சி. ஒரே மடுவில் நின்று ஒரே தப்பை ஐந்து முறை திருத்தலாம்.

முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: உரிமக் கட்டணம் சேர்ந்ததா (பெரும்பாலும் சேராது), மழையில் ஆறு கலங்கினால் வேறு நாளா பணம் திரும்பவா, பிடித்த மீனை வைத்துக்கொள்ளலாமா. கடைசிக் கேள்வியில் அசட்டையாக இருக்காதீர்கள். பல ஆறுகளில் விட்டுவிட வேண்டும் என்பது விதி. சுவிட்சர்லாந்திலோ நேர்மாறு, விடுவதற்கென்றே மீன் பிடிப்பது சட்டத்துக்கு விரோதம். இடக்கைக்காரர் நரம்பு சுற்றும் ரீலின் கைப்பிடி பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நாள் முழுக்கத் தப்பான கையால் சுற்றியவன் சொல்கிறேன்.

என் தீர்ப்பு: ஒரு நாள்தான் இருக்கிறது, கற்கும் ஆசை இருக்கிறது என்றால் தனிக் கைடு, நடந்து, அரை நாள். இரண்டு மூன்று நாள் இருந்தால் முதல் நாள் அதே அரை நாள், மீதி நாமே. கைடைக் கடைசி நாளுக்குத் தள்ளி வைக்காதீர்கள், கற்றதைச் செய்து பார்க்க நேரம் இருக்காது. ஆற்றில் ஒரு உலா போதும் என்பவர் கூட்டுப் படகுக்குப் போகட்டும்.

நான் இரண்டு நாள் உரிமம் வாங்கியிருந்தேன். கைடோடு போன மறுநாள் காலை, பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அவர் காட்டாத ஒரு வளைவில் போய் நின்று நுரைக்கோட்டைத் தேடினேன். ஒன்பதாவது வீச்சிலோ பத்தாவதிலோ தக்கை அமுங்கியது. உள்ளங்கை நீளம்தான் இருக்கும். முள்ளில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்நுனியை முன்பே இடுக்கியால் நசுக்கி வைத்திருந்ததால் லேசாகக் கழன்றது. கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே தலையை எதிரோட்டத்துக்குத் திருப்பிப் பிடித்தேன். செவுள் இரண்டு முறை திறந்து மூடியது, போய்விட்டது. போட்டோ எடுக்கவில்லை.