நான்கு வருட டோபார்: பாரில் குறையில்லை, அந்தச் சத்தம்தான்

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். "படகு வாங்கப் போறேன். உங்க வண்டியில இருக்கிற மாதிரியே ஹெவி டியூட்டி டோபார் போட்டுடலாமா?" உடனே 'போடுங்க' என்று சொல்ல வாய் வரவில்லை. டோபார் என்பது ட்ரெய்லரை மாட்டி இழுக்க வண்டியின் பின்னால் பொருத்துகிற இரும்புச் சட்டம். நான்கு வருடமாக அதில்தான் படகை ட்ரெய்லரில் வைத்து இழுக்கிறேன், ஒரு நாள்கூடக் கைவிட்டதில்லை. அப்புறம் ஏன் தயக்கம்? யோசித்துப் பார்த்தால் ஒரே காரணம்தான். சத்தம்.

இந்த வகை டோபாரில் வண்டியோடு நிரந்தரமாக இருப்பது அடியில் ஒரு குறுக்குச் சட்டமும், அதன் நடுவில் பின்பக்கம் திறந்திருக்கும் சதுரக் குழாயும்தான். அந்தக் குழாய்தான் ரிசீவர். ட்ரெய்லர் வந்து உட்காருகிற இரும்புப் பந்து தனியாக ஷாங்க் என்கிற கனமான இரும்புத் துண்டில் இருக்கும். அதை ரிசீவருக்குள் செருகி, குறுக்கே 16 மி.மீ. தடிமனுள்ள ஒரு இரும்பு ஊசியை ('பின்') போட்டு, கிளிப் மாட்டினால் வேலை முடிந்தது. செருகவும் கழற்றவும் வர வேண்டும் என்றால் இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தே தீரும். மெல்லிய நாணயம் நுழையும் அளவுதான். அந்த இடைவெளி நான்கு வருடமாக என் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

ட்ரெய்லர் மாட்டாமல் போனால் ஒவ்வொரு குழிக்கும் 'டங்'. மாட்டிக்கொண்டு போனால் பிரேக் பிடிக்கும்போது ஒரு 'டக்', மறுபடி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இன்னொரு 'டக்'. அந்த இரும்பு ஊசி போகிற துளையிலும் அதே தொளதொளப்பு இருப்பதால் முன்னும் பின்னும் ஆடுகிறது. பின் சீட்டில் தூங்கும் குழந்தை ஒவ்வொரு வேகத்தடைக்கும் விழித்துக்கொள்ளும். மாட்டிக் கொடுத்த மெக்கானிக்கிடம் கேட்டேன். "எல்லாத்துலயும் அப்படித்தான் சார்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் இவ்வளவு கனமான இரும்பை இவ்வளவு நன்றாகச் செய்தவர்கள், அதை இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப்பைப் பெட்டிக்குள் போட்டிருக்கலாமே என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

செய்நேர்த்தியில் சொல்ல ஒன்றுமில்லை. மாட்டிய அன்று முழுக்க நான் பக்கத்திலேயே நின்றேன். பின் பம்பரைக் கழற்றி, சேசிஸின் இரண்டு பக்கமும் ஏற்கெனவே இருந்த துளைகளில்தான் பிராக்கெட்டுகள் உட்கார்ந்தன. புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் திருகி, சட்டம் நேராக இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் சரியான அளவுக்கு இறுக்குகிற டார்க் ரெஞ்சை எடுத்தார். 1,000 கி.மீ. ஓடியதும் வந்து மறுபடி இறுக்கச் சொன்னார். போனேன். இரண்டு போல்ட் கால் சுற்று ஏறின. அதன் பிறகு இன்றுவரை எதுவும் அசையவில்லை.

நண்பரிடம் முதலில் சொன்னது வேறு விஷயம். டோபாரின் தகட்டில் 3,500 கிலோ என்று போட்டிருக்கிறது, ஆனால் என் வண்டியின் கையேட்டில் பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு 2,000 கிலோதான் வரம்பு. எனக்கு 2,000 கிலோதான் கணக்கு. வண்டி, பார், ஷாங்க், பந்து, பந்தைக் கவ்விப் பிடிக்கிற ட்ரெய்லரின் முன்முனை (கப்ளிங்) ஆகியவற்றில் எது குறைவோ அதுதான் எல்லை. தடித்த பார் மாட்டினால் வண்டிக்குப் பலம் கூடிவிடும் என்று நினைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. பந்தின் அளவையும் பார்க்கச் சொன்னேன். 50 மி.மீ. பந்தும் 2 அங்குலப் பந்தும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் 2 அங்குலம் என்றால் 50.8 மி.மீ. சிறிய பந்தின் மேல் பெரிய கப்ளிங் உட்கார்ந்தால் லொடலொடவென்று ஆடும், கழன்றுகொள்ளவும் வழி உண்டு.

சத்தத்தைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன், ஆனால் ஒரு தடவை அது எனக்கு நல்லது செய்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. முதல் வருடம், படகுக்குப் புது எஞ்சின் மாட்டிய பிறகு அதை இழுத்துப் போனபோது, வழக்கமான ஒற்றை 'டக்' மாறி விடாமல் 'டகடக' என்று அடித்தது. 80 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் ட்ரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கியது. பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மெதுவாக ஓரம் கட்டினேன். கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பந்தின் மேல் எவ்வளவு எடை அமுங்குகிறது என்று பார்க்க, வீட்டுக்கு வந்து ட்ரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, உடல் எடை பார்க்கிற கருவியைக் கப்ளிங்குக்கு அடியில் வைத்தேன். இழுக்கும்போது கப்ளிங் எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன் மேல் இறக்கினேன். முள் 45-இல் நின்றது. படகும் ட்ரெய்லரும் சேர்ந்து 1,200 கிலோ. என் ட்ரெய்லரின் கையேடு அதில் 10 சதவீதத்தை ஒட்டி பந்தின் மேல் அமுங்க வேண்டும் என்கிறது. (இது எல்லா ட்ரெய்லருக்கும் ஒரே அளவு இல்லை, அவரவர் கையேட்டைப் பார்க்க வேண்டும். பந்து தாங்கும் உச்ச எடையையும் தாண்டக் கூடாது.) புது எஞ்சின் படகின் பின்முனையில் தொங்கியதால் முன்பக்கம் லேசாகிவிட்டிருந்தது. ட்ரெய்லரின் சக்கர அச்சைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளைத் தளர்த்தி, அச்சை 20 செ.மீ. பின்னால் நகர்த்தியதும் 100 கிலோ காட்டியது. பேட்டரியையும் நங்கூரத்தையும் முன்பக்கம் மாற்றியதும் 115. அடுத்த பயணத்தில் ஆட்டமும் இல்லை, அந்த 'டகடக'வும் இல்லை. எடை அழுத்தினால் ஷாங்க் ஓரளவு அடங்கி உட்கார்ந்துவிடுகிறது. அன்றிலிருந்து சத்தம் மாறினால் வண்டியை நிறுத்திப் பார்க்காமல் நகர்வதில்லை.

ஆனால் பழைய ஒற்றை 'டக்' போகவில்லை. சைக்கிள் டியூபை வெட்டி ஷாங்க்கைச் சுற்றிப் போட்டேன், ஒரே வாரத்தில் நார்நாராகக் கிழிந்து வெளியே வந்தது. மெல்லிய தகடு செருகிப் பார்த்தேன், அது நழுவி எங்கேயோ விழுந்துவிட்டது. கடைசியில் ரிசீவரையும் ஷாங்க்கையும் சேர்த்துப் பிடிக்கிற யூ வடிவக் கிளாம்ப் ஒன்று வாங்கினேன். இரண்டு நட்டை இறுக்கினால் முக்கால்வாசி சத்தம் அடங்குகிறது. ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டும், கை முழுக்க அழுக்கு. வெல்டிங் வைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். எடை தாங்கும் இரும்பில் சூடு ஏற்றினால் அந்தத் தகட்டில் எழுதிய எண்ணுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

கழற்றச் சோம்பல்பட்டு ஒரு மழைக்காலம் முழுக்க ஷாங்க்கை உள்ளேயே விட்டிருக்கிறேன். உப்புத் தண்ணீர் பட்டுத் துருப்பிடித்து இறுகிக்கொண்டது. துரு நீக்கும் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, சுத்தியலால் பக்கவாட்டில் தட்டித் தட்டித்தான் எடுக்க முடிந்தது. இப்போது வேலை முடிந்ததும் கழற்றிவிடுகிறேன். ரிவர்ஸ் சென்சார் வீணாகக் கத்துவதும் அதோடு நின்றது.

வயரிங்கில் ஒரே ஒரு ரிப்பேர், அதுவும் போன மாதம்தான். இண்டிகேட்டர் போட்டால் ட்ரெய்லரின் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்கியது. எர்த் கோளாறு. சாக்கெட்டிலிருந்து வரும் வெள்ளை வயரின் திருகு பச்சை பூத்திருந்தது. சுரண்டி, வாசலின் தடவி மாட்டியதும் சரியாகிவிட்டது. பந்தையும் அன்றே அளந்தேன். 49.7 மி.மீ. இருக்கிறது, 49-க்கு வந்தால்தான் மாற்ற வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நண்பரிடம் "இது வேண்டாம்" என்றேன். அவர் வாரம் தவறாமல் இழுக்கப் போகிறவர், ஒரே ட்ரெய்லர், ஒரே பந்து. பந்தை இரண்டு போல்ட்டில் பாரோடு நேராக இறுக்குகிற பழைய பிளேட் வகை அவருக்குப் போதும். அதில் ஆட இடைவெளியே கிடையாது. உயரம் மாற்றும் வசதி குறைவு, பந்து எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், முழங்காலுக்குக் கீழே இடித்துக்கொண்டால் உயிர் போகும். போகட்டும். இன்று எனக்கே புதிதாக மாட்டுவதாக இருந்தால் நானும் அதைத்தான் கேட்பேன்.

"நாலு வருஷம் ஒண்ணுமே ஆகலைன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார். ஆமாம், சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். வண்டியின் கையேட்டை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். கிளாம்ப்பைக் கழற்றிவிட்டு அவரை ஒரு சுற்று கூட்டிப்போகப் போகிறேன்.